சர்க்கரைக்கு மருந்து கேட்டு மனு கொடுப்பது எப்படி?

சர்க்கரை நோயை அடியோடு குணப்படுத்தும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டுமா? ஒரு பைசாகூட ஒதுக்காமல் பார்த்துக்கொள்ளும் வழிகள் இதோ. நம் ஊர் உச்சிப்புளிக்காரர்களுக்குப் பாதி ஏற்கெனவே கைவந்தவைதான்.

1. ஆளை மாற்றிப் பிடியுங்கள். ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லியில் இருக்கிறது. ஆகவே ஊராட்சித் தலைவரைப் பாருங்கள். மறக்காமல் சால்வை போடுங்கள், போட்டோ எடுங்கள்.

2. திங்கட்கிழமை பஸ் ஏறி, பட்டணம்காத்தான் கலெக்டர் ஆபீசில் இறங்குங்கள். வாசலில் மனு எழுதுபவரிடம், "அண்ணே, சக்கரைக்கு ஒரு மனு" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் ரேஷன் சர்க்கரை என்று நினைத்து எழுதுவார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

3. இன்னும் இடம் இருந்தால் எல்லாவற்றையும் சேருங்கள். தெருவிளக்கு முதலில், குடிநீர் அடுத்து, சர்க்கரை ஆராய்ச்சி கடைசியில். மனு தெருவிளக்குக்காக பி.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். நோயையும் அவரே கவனித்துக்கொள்வார்.

4. மாத்திரையையும் ஆராய்ச்சியையும் குழப்புங்கள். வீட்டுக்கே மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதிகாரி கேட்பார்:
"வீட்டுக்கே மாத்திரை வருதா?"
"வருதுங்கய்யா."
"அப்புறம் என்ன?"
"ஒண்ணுமில்லீங்கய்யா."
கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். மனு முடிந்தது.

5. கணக்குச் சொல்லாதீர்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதை முன்னின்று நடத்தியவர்கள் சென்னைக்காரர்கள். நீங்கள், "எங்க பக்கம் நிறையப் பேருக்கு இருக்குங்கய்யா" என்பதோடு நிறுத்துங்கள்.

6. மருந்து ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று அடித்துச் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான் பொடியை நீட்டுங்கள். "கருப்பட்டி சக்கரையை ஏத்தாதுங்கய்யா" என்று ஒரு காபியும் கொடுங்கள். ஏற்றும், ஆனால் அதுவா முக்கியம்? மருந்து ஊரிலேயே இருக்கும்போது டெல்லி எதற்குப் பணம் தர வேண்டும்?

7. பிள்ளைகளை ஒளித்து வையுங்கள். இதுதான் உயிர்நாடி. டைப் 1 என்றால் உடம்பில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும், தினமும் ஊசி. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் 1999 முதல் நாடாளுமன்றத்துக்கே போய், உறுப்பினர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். டைப் 1 ஆராய்ச்சிக்கென்றே அங்கே 1997-இல் ஒரு தனி நிதி பிறந்தது; கெடு முடிய முடிய அதை நீட்டிக்க வைக்கிறார்கள். நமக்கு அந்த வெட்கக்கேடு வேண்டாம். "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் கொடுக்கணும்" என்று சொல்லி, இன்சுலின் குப்பியை ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் தள்ளுங்கள். நோயாளியே இல்லாத ஊருக்கு எந்த அமைச்சர் பணம் ஒதுக்குவார்?

8. மனு ரசீதில் வடை மடியுங்கள். மனு என்ன ஆனது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வீண் செலவு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. தப்பித் தவறிக்கூட நம் தொகுதி எம்.பி.க்கு ஒரே பக்கத்தில், "டைப் 1 நோயைக் குணப்படுத்தும் ஆராய்ச்சிக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று மக்களவையில் கேளுங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். தொகை அச்சில் வந்துவிடும். பிறகு அடுத்த ஆண்டும் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.