வரிசை கலைந்த பிறகு

ஊரை விட்டு வேலைக்குப் போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் போர் போட்டுக்கொண்டிருக்கும். நாமக்கல் லாரி வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். வண்டி ஏறுகிற பையன் முதலில் கிளீனர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து டிரைவர் ஆவான். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பங்குக்கு ஒரு வண்டி வாங்குவான். "மாமன் வண்டியிலதான் போறானுங்க" என்ற ஒரு தைரியத்தில் பெற்றவர்கள் அனுப்பிவைத்தார்கள். பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பத் தொடங்கியபோது அந்தத் தைரியம் இல்லாமல் போனது. அங்கே எங்களுக்கு மாமன் யாரும் இல்லை.

நான் 2009இல் பொறியியல் முடித்தேன். ராசிபுரம் பக்கம் எங்களுக்குக் குச்சிக்கிழங்கு விவசாயம். சேகோ ஆலைக்குக் கிழங்கு போய்ப் பணம் கைக்கு வந்தால்தான் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை கொடுக்க ஆரம்பித்தது 2010இல். அதற்கு முந்தைய வருடம் முடித்த எனக்கு வங்கிக் கடனும் அம்மாவின் நகையும்தான் துணை. கடைசி வருடத் தொடக்கத்திலேயே கேம்பஸில் ஆபர் லெட்டர் கிடைத்தது. அப்பா அதை லேமினேட் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. அடுத்த ஜனவரி 7ஆம் தேதி, சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் செய்த மோசடியைத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். நியூயார்க்கில் ஒரு வங்கி விழுந்தால் ராசிபுரத்துக் கிழங்குக் காட்டுக்காரர் வீட்டில் என்ன ஆகும் என்பதை எங்கள் தலைமுறை நேரில் பார்த்தது. சேரும் தேதி பிறகு தெரிவிக்கப்படும் என்று மின்னஞ்சல் வந்தது. தேதி கடைசி வரை வரவில்லை. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் "பையன் எந்தக் கம்பெனிலங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "லெட்டர் வந்துருச்சுங்க, கூப்பிடுவாங்க" என்று அப்பா பல மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிலைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் நான் பெங்களூருக்குக் கிளம்பினேன்.

நாமக்கல்லுக்கு அன்று ரயில் கிடையாது. சேலம், நாமக்கல், கரூர் பாதையில் ரயில் ஓடியது 2013இல். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இரவு பஸ் ஏறினால் தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக விடியும்போது மடிவாளாவில் இறங்கலாம். ஓசூர் சாலையில் மேம்பாலத்துக்குத் தூண்கள் நின்றுகொண்டிருந்த நேரம். அது 2010 ஜனவரியில் திறக்கும் வரை எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும்.

மடிவாளாவில் ஒரே அறையில் ஆறேழு பேர் தங்கினோம். சங்ககிரி, ஆத்தூர், பரமத்தி வேலூர், தம்மம்பட்டி என்று ஆளுக்கொரு ஊர். எங்களில் வேலை கிடைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவர்தான் வாடகையில் பெரும்பங்கு கொடுப்பார். எங்களைவிட இரண்டு வருடம் மூத்தவர். அவரும் முன்பு வேறு யாரோ ஒருவரின் வாடகையில் இருந்தவர்தான். அறையில் ஆர். எஸ். அகர்வாலின் கணக்குப் புத்தகம் ஒன்று, யஷவந்த் கனேட்கரின் சி மொழிப் புத்தகம் ஒன்று. இரண்டும் அட்டை கிழிந்து, ஏற்கெனவே வேலைக்குப் போனவர்களின் பென்சில் குறிப்புகளோடு இருந்தன. புதன்கிழமை காலையில் ஆங்கிலப் பேப்பரோடு வேலைவாய்ப்பு இணைப்பு வரும். அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வோம். மாலையில் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் வாங்கி, இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நௌக்ரியில் ரெஸ்யூம் ஏற்றுவோம்.

வாக்-இன் நடக்கும் இடத்துக்குக் காலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும். கடப்பா, ஹூப்ளி, கோட்டயம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதம் இருக்கிறதா என்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியே பார்த்து வடிகட்டிவிடுவார். அடுத்த கேள்வி, எந்த வருடத்து பேட்ச் என்பது. 2010 பிறந்ததும் எங்கள் 2009 பேட்ச் பழசாகிவிட்டது. படித்த படிப்பு அதேதான், மதிப்பெண்ணும் அதேதான். வருடம் மட்டும் எங்களுக்கு எதிராக நின்றது. உள்ளே விட்டால் எழுத்துத் தேர்வு, பிறகு குரூப் டிஸ்கஷன். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்த நான், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும்.

அந்த வரிசையைக் கொடுமை என்றே நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். கொடுமைதான். ஆனால் அந்த வரிசை எங்களுக்கு ஒன்றைக் கொடுத்தது. தேர்வு எழுதி வெளியே வருகிறவர்களை வரிசையில் நிற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "நெகட்டிவ் மார்க் இருக்குது. பாயின்டர்ல ரெண்டு கேள்வி. ரயில் கணக்கு விட்டுறாதீங்க." பெயர்கூடத் தெரியாத ஆள், தான் தோற்றுவிட்டு வந்த வேதனையிலும் அடுத்தவனுக்கு நின்று சொல்லிவிட்டுப் போவான். என்ன கேட்டார்கள் என்பதை இரவு அறையில் மறுபடி பேசுவோம். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் அதே வாசலில் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்ததால், வேலை கிடைக்காததற்குக் காரணம் நான் மட்டும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தது. அந்த வயதில் அது பெரிய பாதுகாப்பு.

கடைசியில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்த அறையால்தான். வாடகை கொடுத்துவந்த அண்ணன், தன் அலுவலகத்தில் டெஸ்டிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுவந்து என் ரெஸ்யூமைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். முந்தைய நாள் இரவு பன்னிரண்டு மணி வரை என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். சிறிய கம்பெனி, சிறிய சம்பளம். முதல் மாதச் சம்பளத்தில் வாடகையில் ஒரு பங்கை நான் கொடுத்தேன். புதிதாக வந்த ஆத்தூர்ப் பையனிடம் அந்த மாதம் யாரும் வாடகை கேட்கவில்லை.

இப்போது என் அக்கா மகள் அதே இடத்தில் நிற்கிறாள். 2025இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தாள். வசதிகளைப் பட்டியல் போட்டால் அவள் காலம் என் காலத்தைவிட எவ்வளவோ மேல். சலுகையில் படித்தாள், கழுத்து நகை எதுவும் அடகுக்குப் போகவில்லை. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே பயிற்சி கிடைத்தது. ஆங்கிலம் தடுக்காமல் வருகிறது. என் காலத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் பிள்ளையை வேலை தேட வெளியூருக்கு அனுப்புவதைப் பேசவே மாட்டார்கள். இன்று, "நல்ல பிஜியாப் பாத்துச் சேத்தி உடு தம்பி" என்று அக்காவே என்னிடம் சொல்கிறாள். எங்களைப் பொழுதெல்லாம் நிறுத்திவைத்த சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. பெங்களூர்வரை போகவே வேண்டாம் என்று சொல்லும்படி, சேலம் கருப்பூர் பக்கத்தில் 55 ஆயிரம் சதுர அடியில் மினி டைடல் பூங்கா 2024 செப்டம்பரில் திறந்திருக்கிறது.

இவ்வளவு பக்கத்தில் வந்த வேலை, கைக்கு எட்டுவதில் மட்டும் தள்ளிப் போயிருக்கிறது. 2022இல் ஆபர் வாங்கியவர்களில் பலரை இரண்டு வருடத்துக்கும் மேல் காக்கவைத்தது நாடே பேசிய செய்தி. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதிதாக வருகிறவர்களுக்கு முன்பு கொடுத்த ஆரம்பகட்ட நிரல் வேலையையும் டெஸ்டிங்கையும் இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. நான் உள்ளே நுழைந்த அதே கதவு அது.

சம்பளக் கணக்கையும் எங்கள் ஊர் வழக்கப்படி பவுனில் போட்டுப் பார்த்தேன். 2009இல் பெரிய கம்பெனிகள் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டிக் கொடுத்தன. 2025இலும் பெரும்பாலானோருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. 2009இன் நடுவில் ஒரு பவுன் ஏறக்குறைய 11 ஆயிரம். 2025இல் அது 70 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அன்று ஒரு வருடச் சம்பளம் இருபத்தைந்து பவுனுக்கு மேல். இன்று ஐந்து பவுன் தேறுவதே கஷ்டம். அடகு வைத்த நகையை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் எங்கள் வீடுகளில் பிள்ளைகளைப் பொறியியல் சேர்த்தார்கள். அந்தக் கணக்கு இப்போது நிற்கவில்லை.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது பணம் இல்லை. அவள் தேர்வு எழுதியபோது ஒருநாள் நான் அக்கா வீட்டில் இருந்தேன். கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், தலையைத் திருப்பினால் எச்சரிக்கை வரும் என்றாள். அக்கா மிக்ஸியை நிறுத்திவிட்டு அடுப்படியில் அசையாமல் நின்றாள். எழுதி முடித்து வெளியே வந்தவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. எத்தனை பேர் எழுதினார்கள், எதில் வடிகட்டினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இன்னொரு கம்பெனியின் இன்டர்வியூவில் எதிரில் மனிதரே கிடையாது. திரையில் கேள்வி தெரியும், பதிலைப் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். சில வாரம் கழித்து நள்ளிரவில் ஒரு மின்னஞ்சல் வரும், வேறு விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று. பல இடங்களிலிருந்து அதுகூட வராது.

ஒருநாள் இரவு அவள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, எங்கிட்ட என்ன குறைன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் பரவால்லைங்க. திருத்திக்குவேன்."

"உங்கூடப் படிச்சவங்கெல்லாம் என்ன சொல்றாங்க கண்ணு?"

"யாரும் பேசறதில்லைங்க மாமா. ஸ்டேட்டஸ்ல வேலை கிடைச்சவங்க மட்டுந்தான் போடறாங்க."

எங்கள் வரிசையில் தோற்றவர்கள்தான் அதிகம். எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்தோம். இவளுடைய வரிசை அதைவிட நீளம், ஆனால் அதில் நிற்கிற யாரும் யாரையும் பார்க்க முடியாது. தோல்விக்குக் காரணம் தெரியாத பிள்ளை, காரணத்தைத் தன்னிடமே தேடுகிறது. அந்தத் தனிமையைக் குறிவைத்துத்தான் பணம் கட்டினால் வேலை என்று சொல்லும் கன்சல்டன்சிகள் வருகின்றன. என் காலத்திலும் அவை இருந்தன. "அங்க போகாதடா, அது டுபாக்கூர்" என்று தடுக்க அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

இது சந்தையின் போக்கு, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊரையே காட்டுவேன். நாமக்கல்லில் முட்டைக்கு விலை அறிவிக்க ஓர் ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. லாரி உரிமையாளர்களுக்குச் சங்கம், ரிக் உரிமையாளர்களுக்குச் சங்கம், ஜவ்வரிசிக்குச் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு. வெளிச்சந்தையில் தனியாக நின்றால் நசுங்கிவிடுவோம் என்று தெரிந்து கூடிக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள். கிழங்குக்கும் முட்டைக்கும் செய்ததை வேலை தேடும் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் செய்யவில்லை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது இது. ஆபர் எத்தனை என்று ரோடு ஓரத்தில் பேனர் வைக்கிறீர்கள். அதே பேனரில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். கடன் வாங்கிப் பணம் கட்டுகிற அப்பாவுக்கு அந்த இரண்டாவது எண்தான் வேண்டும். கம்பெனிகளிடம் கேட்பதும் பெரிதல்ல: ஒரு பிள்ளையின் அரைநாளை எடுத்துக்கொண்டால், எந்தச் சுற்றில், எதில் குறைந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வைத் திருத்துகிற இயந்திரத்துக்கு அதை எழுதிக் கொடுப்பது கடினம் இல்லை.

மற்றது எங்கள் பொறுப்பு. பெங்களூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து, ஊருக்கு வரும் ஞாயிறுகளில் ராசிபுரத்தில் பிள்ளைகளோடு உட்கார ஆரம்பித்திருக்கிறோம். ரெஸ்யூமைத் திருத்துகிறோம். இன்டர்வியூ மாதிரியே கேள்வி கேட்கிறோம். அந்த வாரம் தேர்வு எழுதியவர்கள் என்ன வந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், தேறாதவர்கள் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். அக்கா மகளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் போன ஞாயிறு, தான் தேறாத தேர்வின் கேள்விகளைப் பலகையில் எழுதி, எங்கே தப்பு செய்தோம் என்று மற்றவர்களுக்கு அவளே விளக்கினாள். வேலையில் இருக்கிறவர்கள் வாருங்கள். உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது எங்கள் பிள்ளை ஒன்றின் ரெஸ்யூமை உரியவரிடம் கொடுங்கள். எனக்கு ஒருவர் அதைத்தான் செய்தார்.