டர்போ போடலாமா, கட்டை போடலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை ரோட்டில் ஓர் ஓட்டோ என்னை முந்திக்கொண்டு போனது. முந்தியதில் வருத்தமில்லை, கண்டியில் என்னை முந்தாத வாகனம் இனித்தான் கப்பலில் வரவேண்டும். ஆனால் அந்த ஓட்டோவுக்குள் நாலு பேர், ஒரு காஸ் சிலிண்டர், மடியில் பலாப்பழத்தோடு ஓர் ஆச்சி. தாண்டும்போது ஆச்சி தலையை வெளியே நீட்டி, ஆஸ்பத்திரி வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் ஏசியை நிறுத்தியிருந்தேன். ரேடியோவையும் நிறுத்தியிருந்தேன். நாலு பேரும் முன்னால் சாய்ந்திருந்தோம். முதல் கியர். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

அன்று ராத்திரியே தீர்மானித்தேன். மாருதிக்கு டர்போ போடுவதா இல்லையா என்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்தே தீர்வது. எடுத்த முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

யோசனையைக் கிளப்பியவன் கல்கரியில் இருக்கும் என் மச்சான். பனிக்காலம் வந்தால் ரெவல்ஸ்டோக் பக்கத்து மலைகளுக்குப் பனிவண்டி ஓட்டப் போகிறவன். அந்த உயரத்தில் காற்று மெலிசு, இஞ்சினுக்கு மூச்சு வாங்கும், அதனால் ஆளாளுக்கு டர்போ மாட்டுகிறார்கள். 2020 மொடலில் ஸ்கீ-டூ கொம்பனியே தொழிற்சாலையில் வைத்து டர்போவைப் பூட்டி விற்கத் தொடங்கிவிட்டது. "கண்டியும் மலைதானே அத்தான், நீங்களும் போடுங்க" என்கிறான். பையன் கண்டியில் பிறந்தவன். ஆனாலும் கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர்தான் என்பதை மறந்துவிட்டான். அந்த உயரத்தில் காற்று ஐந்து சதவீதம் அளவில்தான் குறையும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவிலேயே ஆறில் ஒரு பங்குதான் போகும். ஆக, காற்றின்மேல் பழி போட வழியில்லை. என் காருக்கு மூச்சு வாங்குவது வயதால்.

மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சீசி. புதிதாக இருந்தபோதே நாற்பது குதிரைக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குதிரைகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வித்துப்போட்டு வேறு வாங்கு என்பவர்கள் 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025இல் திறந்துவிட்ட நாட்டில்தான் இருக்கிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் என் கார் கிழடாகக் கிழடாக விலை ஏறியது. எனக்கு அப்படி நடக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸிடம் போனேன். அவர் பொனட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் மௌனமாக நின்றார். அஞ்சலி செலுத்துகிறாரோ என்று நினைத்தேன்.

"சேர், இதுக்கு டர்போ மாட்டினா ஹெட் கேஸ்கெட் போயிடும். கிளட்ச் தாங்காது. பிஸ்டன் தாங்குமான்னு சொல்ல ஏலாது. அதுக்குப் பதிலா பஞ்சிகாவத்தைப் பழைய பார்ட்ஸ் கடைல ஜப்பான் டர்போ இஞ்சின் ஒண்ணு எடுத்து முழுசா மாத்திடலாம்."

அந்த இஞ்சின் 657 சீசிதான். என்னுடையதைவிடச் சின்னது. ஆனால் 64 குதிரை. வெளியே வீணாய்ப் போகும் புகையையே பிடித்து ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதால் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிற வித்தை. அல்ஃப்ரெட் பூகி என்கிற சுவிஸ்காரர் 1905இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவரும் மலைநாட்டுக்காரர், அவருக்குப் பின்னாலும் யாரோ ஹோர்ன் அடித்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டர்போ இஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் கண்விழிக்கும். பேராதனை ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால், முதல் கியரில், அரை கிளட்ச்சில் நகரும்போது அது நல்ல நித்திரையில் இருக்கும். அது எழும்பும் நேரம் நான் ஏற்றத்தின் உச்சிக்குப் போய், முன்னால் இன்னொரு பஸ் நிற்பதைப் பார்த்து பிரேக் அடித்திருப்பேன். எங்கள் வீட்டுப் பையன்களும் இப்படித்தான். சாப்பாடு ஆனபிறகுதான் எழும்புவார்கள்.

இந்த மலைகளில் தோற்றவன் நான் மட்டுமில்லை என்பது ஓர் ஆறுதல். போர்த்துக்கீசர் 1638இல் கன்னொருவையில் தோற்றார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் நீராவி ரயிலையே பின்னாலிருந்து இன்னொரு இஞ்சின் தள்ளித்தான் மேலே ஏற்றினார்கள். என் காருக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இஞ்சின் கிடையாது. கட்டைதான் இருக்கிறது.

கட்டையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் சில்லுக்கடியில் கொடுக்க, ஆரம்பத்தில் கல் வைத்திருந்தோம். அதை ஏற்றத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். பிறகு செங்கல்; நசுங்கிப் பொடியானது. பிறகு மகனின் கிரிக்கெட் மட்டை. அதற்கு இரண்டு வாரம் அவன் பேசவில்லை. அவசரத்துக்கு ஒருமுறை தேங்காய் வைத்தோம். தேங்காய் உருண்டையானது என்பது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது. கடைசியில் மனைவி புசல்லாவைக்குப் போய், அவள் தாத்தா தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்த காலத்துப் பலாமரக் கட்டையைக் கொண்டுவந்தாள். ஆப்பு வடிவம், ஒரு பக்கம் நீலப் பெயின்ட் கோடு, பிடிக்கக் கயிறு. தாத்தா முப்பது வருஷம் அந்தக் கட்டையோடு ஓடுகிற லொறியிலிருந்து குதித்தவராம். பரம்பரைச் சொத்து. எனக்குச் சீதனமாக வந்தது அது மட்டும்தான்.

பரம்பரைத் திறமையும் கூடவே வந்திருக்கிறது. நான் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிற சத்தம் கேட்பதற்குள் அவள் பக்கத்துக் கதவு திறந்திருக்கும். தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே இறங்குவாள், "ஆமாடி, சொல்லு" என்றபடியே குனிந்து பின்சில்லுக்கடியில் கட்டையைச் செருகுவாள், நிமிர்வாள், "போட்டாச்சுங்க" என்பாள். பேச்சு ஓரிடத்திலும் அறுந்திருக்காது. தங்கச்சிக்குத் தெரியவே தெரியாது.

வில்லங்கம் அதற்குப் பிறகு. கார் புறப்பட்டுவிட்டால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடியும் கட்டை. ஆகவே நான் உச்சிவரைக்கும் போய்விடுவேன். அவள் கட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். அம்பிட்டியவில் ஒரு கல்யாணம். காஞ்சிபுரம் புடவை, தலை நிறையப் பூ, கக்கத்தில் கட்டை. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பிள்ளை அதைப் பரிசுப்பொருள் என்று நினைத்துக் கைநீட்டியது. இவள் கொடுக்கவில்லை. "இது திரும்பிப் போறதுக்கு வேணும்மா" என்றாள். சாப்பிடும்போது கட்டை அவள் காலடியில் இருந்தது. பக்கத்து இலைக்காரர் என்ன ஏது என்று கேட்டார். அவரும் பழைய மாருதிக்காரர் என்பது தெரிந்து, பாயாசம் வரும்வரைக்கும் இருவரும் பலாவா, தேக்கா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் அப்பளத்தை நொறுக்கினேன். கட்டைப் பேச்சில் சாரதிக்கு இடமில்லை.

சரி, டர்போவுக்கு வருகிறேன். இஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் புது இஞ்சின் இலக்கம் பதியவேண்டும். காப்புறுதிக்காரர்களுக்குச் சொல்லவேண்டும். புகைப் பரிசோதனையில் தேறவேண்டும். பெற்றோலும் கூடக் குடிக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில், கார் பெரும்பாலும் வீட்டிலேயே நின்றது. அது எந்த ஓட்டோவிடமும் தோற்காத ஒரே காலம் அதுதான்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, இடதுபக்கம் போடலாம், வலதுபக்கம் போடவேண்டாம் என்று பிரித்து, சனிக்கிழமை பாஸிடம் காட்டப் புறப்பட்டேன். "என்னங்க, கட்டையைக் காணோம்" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை, ஆச்சியின் பார்வை தந்த அவமானத்தில், அவளை "ஏறு, ஏறு" என்று அவசரப்படுத்தியது நான்தான். கட்டை ஹந்தானையிலேயே நின்றுவிட்டது.

காரை விட்டுவிட்டு நடந்தே போனேன். ரோட்டில் இல்லை. திரும்பி வரும்போது சந்தியில் ஓட்டோக்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது ஓட்டோ, அதே ஓட்டோ. பின்சில்லுக்கடியில் பலாமரக் கட்டை, நீலக் கோடு, கயிறு.

சாரதி என்னைப் பார்த்துச் சிரித்து, "எங்க சேர் போகணும்?" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் இறங்கிப்போய்க் கட்டையை எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க சேர், நல்ல கட்டை."