879 நாள்கள்: கெடார் ஒட்டுப்போர்வை பற்றி ஓர் ஆய்வு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், காணையைத் தாண்டினால் கெடார். அங்கே என் சித்தி வீட்டுத் திண்ணையில் தைத்து முடிக்கப்பட்ட ஒட்டுப்போர்வை ஒன்றே இவ்வாய்வின் பொருள். அகலம் 72 அங்குலம், நீளம் 88 அங்குலம். தொடங்கியது 2023 போகி, ஜனவரி 14. முடிந்தது 2025 ஆடிக் கடைசி வெள்ளி, ஆகஸ்ட் 15. இடைப்பட்டது 944 நாள். இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று எவரும் முறையாக ஆராயவில்லை. சித்தப்பா திண்ணையைத் தாண்டும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். அதை ஆய்வில் சேர்க்க முடியாது, அவர் பதிலுக்கு நின்றதே இல்லை.

முதலில் கணக்கு. ஒரு சதுரம் 4 அங்குலம். தையலுக்கு உள்ளே மடங்குவதைச் சேர்த்து வெட்டும்போது நாலரை. வரிசைக்கு 18 சதுரம், 22 வரிசை, ஆக 396 சதுரம். ஒரு வரிசைக்குள் 17 மூட்டு. 22 வரிசைக்கு 374 மூட்டு, ஒவ்வொன்றும் நாலரை அங்குலம். பிறகு வரிசையோடு வரிசையை இணைக்கும் 21 நீளத் தையல். எல்லாம் கூட்டினால் 3,195 அங்குலம். இதற்கு மேல் அடித்துணியும் நடுவில் பழைய வேட்டியும் வைத்து, அங்குலத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கே 88 கோடு ஓட்ட வேண்டும்: 6,336 அங்குலம். அங்குலத்துக்கு 6 குத்து என்று வைத்தால் மொத்தம் 57,186 குத்து. சித்தியின் கை நிமிஷத்துக்கு 20 குத்துப் போடுகிறது. நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ("இன்னாடா, நாடி பாக்கறியா?" என்று கேட்டார்.) ஆக 47 மணி 39 நிமிஷம்.

ஊசியில் நூல் கோர்ப்பதை விட்டுவிட்டால் ஆய்வு நேர்மையாகாது. ஒரு முழ நூலில் முடிச்சுக்கும் வாலுக்கும் போக 15 அங்குலம்தான் தையலில் விழும். அப்படியானால் 636 முறை கோர்க்க வேண்டும். நூலை எச்சிலில் நனைத்து, வெளிச்சத்துக்குத் திரும்பி, ஒற்றைக் கண்ணை மூடி, தவறி, "பள்ளிக்கூடத்திலேருந்து வரட்டும், அவன் கோத்துக் குடுப்பான்" என்று பேரனை நினைத்துக்கொள்வது வரை தடவைக்கு ஒரு நிமிஷம்: 10 மணி 36 நிமிஷம். சதுரம் வெட்ட 6 மணி 36 நிமிஷம். எல்லாம் சேர்த்தாலும் 65 மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 65 நாள். போகியில் தொடங்கியவர் பங்குனி பிறந்து ஒரு வாரத்துக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம்.

944-ல் 65 போனால் 879. அந்த 879 நாளைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

முன்னோர் இதைப்பற்றி என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒட்டுத்துணிக்குப் பழைய சான்று ஒன்று பௌத்தத் துறவிகளின் ஆடை. புத்தர் ராஜகிருகத்திலிருந்து தட்சிணகிரிக்குப் போகும் வழியில், வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்த மகத நாட்டு வயல்களைக் காட்டி, அதேபோல் ஆடை அமைக்க முடியுமா என்று ஆனந்தரைக் கேட்டதாக விநய நூல் சொல்கிறது. ஆனந்தரும் துண்டுகளை வரப்புபோல இணைத்துத் தைத்துக் காட்டிவிட்டார். எத்தனை நாள் ஆயிற்று என்ற புலம்பல் அங்கே இல்லை. ஆனந்தருக்கு வீட்டில் மாடு இல்லை, பால் கறக்கிற வேலையில்லை.

இன்னும் வலுவான சான்று கடலில் கிடைக்கிறது. 1841 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து சுமார் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு ‘ராஜா’ என்ற கப்பல் புறப்பட்டது. எலிசபெத் ஃப்ரையின் குழுவினர் கொடுத்தனுப்பிய துணித்துண்டு, ஊசி, நூலைக் கொண்டு அந்தப் பெண்கள், கப்பல் ஜூலையில் ஹோபார்ட் போய்ச் சேர்வதற்குள், 2,815 துண்டுகளால் ஒரு போர்வையைத் தைத்தார்கள். இன்று அது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 2,815 துண்டு, மூன்றரை மாதம்! அதன் பிறகு 1942-இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்துவைத்த பெண்கள், ஆளுக்கு ஒரு ஆறங்குலச் சதுரம் என்று பூவேலை செய்து, 66 சதுரம் கொண்ட போர்வைகளாக இணைத்தார்கள். அந்தச் சதுரங்களில் போட்ட பெயரும் படமும் மறுபக்கம் ஆண்கள் முகாமில் இருந்த கணவன்மாருக்கு, தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கு அடையாளம். அவற்றில் மூன்று இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

இவ்விரண்டு சான்றையும் அருகருகே வைத்தால் ஒரு முடிவு தானாக வந்து விழுகிறது: பெரிய போர்வையைத் தொடர்ந்து தைத்து முடிப்பவர், எழுந்து போக முடியாதவர். நான் இதைச் சித்தியிடம் சொன்னேன். "அப்போ என்னைப் புடிச்சு உள்ளே போடச் சொல்றியா? ஒரு வாரம் நிம்மதியா ஒக்காந்து தைப்பேன், சோறும் அவங்களே போடுவாங்க" என்றார். இக்கருத்தைக் கேலி என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

இனி கெடாருக்கு வருவோம். போகியன்று விடியற்காலையில் சித்தப்பா கொளுத்த எடுத்துப்போட்ட பழந்துணி மூட்டையைச் சித்தி திரும்ப இழுத்துக்கொண்டதில் வேலை தொடங்கிற்று. அந்த மூட்டையில் நைலக்ஸ் புடவை இருந்தது, பேரனுடைய நீலச் சட்டை இருந்தது, பொங்கலுக்கு அரசு கொடுத்த சேலை இருந்தது, தாத்தாவின் கரைவேட்டி இருந்தது, சித்தப்பாவின் கரைவேட்டியும் இருந்தது. இரண்டும் ஒரே கட்சியல்ல. பத்தாததற்குத் தெருமுனை டெய்லர் கடையில் ஜாக்கெட் வெட்டி மீந்த பிட்டுத் துணி ஒரு கட்டைப்பை நிறைய வந்தது. முதல் 5 வரிசை மாசிக்குள் முடிந்துவிட்டது. ஆரம்ப வேகத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. புதுத் தொடப்பம் எந்த வீட்டிலும் நன்றாகவே பெருக்கும்.

பிறகுதான் சரிவு. பங்குனி, சித்திரை மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வேலையில் போனது. கோடையில் திண்ணை கொதித்தது. மார்கழியில் விதை மல்லாட்டை உடைக்கும் வேலை. மெஷினில் போட்டால் விதைப்பருப்பு அடிபடும் என்பதால் கையால்தான் உடைக்க வேண்டும். இங்கே ஒரு முக்கியமான கவனிப்பு கிடைத்தது. போர்வையை ஒரு வரிசைகூட நகர்த்தாத அதே கைகள், மல்லாட்டைக் குவியலின் முன்னால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அசராமல் உட்கார்ந்தன. கூலி ஒரு காரணம்தான். ஆனால் எனக்குப் பட்ட பெரிய காரணம் வேறு: குவியல் குறைகிறது. இந்தப் பக்கம் குறைவதும் அந்தப் பக்கம் பருப்பு ஏறுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. போர்வையில் எது குறைகிறது? தைத்தது மட்டுமே தெரியும், தைக்க வேண்டியது எங்கும் கிடையாது. அது காற்றில் இருக்கிறது. காற்றைப் பார்த்து எவ்வளவு நேரம் தைப்பது!

இதை வட கன்னடத்துச் சித்திப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். (இவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள்; கெடார் சித்திக்கும் இவர்களுக்கும் உறவில்லை.) எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் அவர்கள் தைக்கும் ‘கவந்தி’ போர்வைக்கு, முதலில் முழு அளவு அடித்துணியை விரித்துவிடுகிறார்கள். ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்துத் தைத்தபடி நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறார்கள். நடுவில் துண்டு விழாத இடம் நாளுக்கு நாள் சுருங்குகிறது. மல்லாட்டைக் குவியலேதான்! நடு மூடியதும் நான்கு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூ என்று வைத்துத் தைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணம். என் அபிப்பிராயத்தில் தையல் சாஸ்திரம் முழுவதிலும் இதற்கு இணையான மனோதத்துவம் கிடையாது. சித்தியிடம் படம் வரைந்து விளக்கினேன். "இத்தனையும் தெரிஞ்சவன் மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அப்போது 8 வரிசை முடிந்திருந்தது.

ஆய்வாளர் தம் பங்குக்குச் சில முயற்சிகள் செய்தார். தினசரிக் காலண்டரில் தைத்த நாளுக்குச் சிவப்பு மையால் சுழி போடச் சொன்னேன். இரண்டாம் வாரத்தில் அந்தச் சுழிகளுக்கு நடுவே பால்கணக்கு புகுந்தது; மாத முடிவில் எது பால், எது போர்வை என்று பிரிக்க முடியவில்லை. அடுத்து, நாளுக்கு ஒரு சதுரம் போதும் என்று ஆசை காட்டினேன். சித்தி சிரித்தார். ஒரு சதுரத்துக்காகப் பையை இறக்கி, ஊசியைத் தேடி, நூல் கோர்த்து, மறுபடி பையை ஏற்றுவது, காபி போடாமலே டம்ளர் கழுவுகிற கதை.

2024 ஜூலையில் 11-வது வரிசை முடிந்தது. சரிபாதி. அப்போது விக்கிரவாண்டித் தொகுதி இடைத்தேர்தல். 5 வருஷத்துக்குள் இரண்டாவது இடைத்தேர்தல். ஒலிபெருக்கி வண்டி தெருவில் போகிற நேரத்தில்தான் தாத்தாவின் கரையும் சித்தப்பாவின் கரையும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. எதிர்வீட்டு அத்தை பார்த்துச் சொல்ல, சித்தப்பா காதுக்குப் போக, பிரிக்க வேண்டியதாயிற்று. "நடுவுல ஒரு வெள்ளைய வச்சிரு, சண்டை வராது" என்று எதிர்வீட்டு அத்தையே வழியும் சொன்னார். வெள்ளை வைத்துத் தைத்தார். ஆனால் தைத்ததைப் பிரித்த கை சோர்ந்துபோகும். கட்டைப்பை பீரோவின் மேல் ஏறிற்று. பாதி என்பது அபாயமான இடம் என்று அப்போது குறித்துக்கொண்டேன். வந்த தூரத்தைப் பார்த்தால் நிறைய, போகிற தூரமும் அதே அளவு.

5 மாதம் பை இறங்கவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிற்று. விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடு. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை, இருந்த போர்வையெல்லாம் ஓட்டு ஒழுக்கில் நனைந்துவிட்டது. பீரோவின் மேலிருந்து பாதிப் போர்வையை இறக்கிப் பேரன்மேல் போர்த்தினார் சித்தி. அவன் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான். கீழே இரண்டு கால் வெளியே வந்துவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தக் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மழைவிட்டதும் முதலில் தேடியது ஊசியை.

இந்த இடத்தில் ஆய்வாளர் ஒரு குறுக்கீடு செய்தது உண்மை. அப்போது போர்வை 44 அங்குல நீளம், 72 அங்குல அகலம். அப்படியே குறுக்கே திருப்பிப் போட்டிருந்தால் பையன் முழுசாக மூடியிருப்பான், காலும் தெரிந்திருக்காது. இதைச் சொன்னபோது சித்தி நிமிர்ந்தார். "அப்போ முடிஞ்சிடுச்சுன்றியா?" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

மீதி 11 வரிசை தையில் தொடங்கிப் பங்குனிக்குள் ஓடிவிட்டது. அடித்துணி வைத்து 88 கோடு ஓட்டுகிற வேலைக்கு, வைகாசியிலிருந்து தெருப் பெண்கள் மூன்று பேர் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தார்கள், சித்தியோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஒருவர். வேலையின் மூன்றில் இரண்டு பங்கு இதுதான், குத்து 38,016. இங்கே பேச்சுக்கும் தையலுக்கும் உள்ள தொடர்பை அளக்க வாய்ப்புக் கிடைத்தது. பேச்சே இல்லாதபோது நிமிஷத்துக்கு 20 குத்து. யார் வீட்டு நகை அடகில் இருக்கிறது என்ற அளவில் 24. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் போன கதையில் 26-ஐத் தொட்டது. அதற்கும் மேல் போய், குரல் தணிந்து, ஒருவர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று தொடங்கியதும் நான்கு ஊசியும் அந்தரத்தில் நின்றுவிட்டது. குத்து பூஜ்யம். ஆகவே போர்வை முடிய நடுத்தரமான ஊர்க்கதை வேண்டும் என்பது என் துணிபு. சுத்தமாகக் கதையே இல்லாத தெருவில் இதை முயல வேண்டாம்.

துண்டைப் பற்றியும் பேச்சுதான். "இது உங்க மாமியாருடையதில்ல?" "ஆமா, தீபாவளிக்கு எடுத்தது, எனக்கு மட்டும் நூல்புடவை, அவங்களுக்கு நைலக்ஸு" என்று 30 வருஷத்து வழக்கு ஒரு சதுரத்தில் திறக்கும், அந்தக் கோடு முடிகிறவரை ஓயாது. கோடு முடிந்ததே தெரியாமல் அடுத்த கோட்டுக்குத் தாண்டியதும் உண்டு.

879 நாளுக்கு ஆய்வாளர் தரும் கணக்கு இது: மல்லாட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, பீரோவின் மேல் 5 மாதம், கல்யாணம் காதுகுத்து சாவு என்று ஒரு பங்கு, ஊசி தொலைந்து தேடியது குறைந்தது 9 நாள். மிச்சத்தை ஒரு தலைப்பிலும் சேர்க்க முடியவில்லை. சித்தியைக் கேட்டேன். "சும்மா இருந்தேன்டா" என்றார். அந்தத் தலைப்பில்தான் சேர்த்திருக்கிறேன்.

போர்வை இப்போது பீரோவுக்குள் இருக்கிறது; போர்த்தினால் அழுக்காகிவிடும். பேரன் பழையபடி பெட்ஷீட்டில்தான் படுக்கிறான்.

திருத்தம்: மேலே 396 சதுரம் என்று எழுதியது தவறு. கட்டுரை முடித்தபின் ஒருமுறை நேரில் எண்ணியதில் 395 துண்டுதான் இருந்தது. 17-வது வரிசையில் இரண்டு சதுரத்துக்கான இடத்தில், மாமியாரின் நைலக்ஸ் புடவைத் துண்டு எட்டங்குலத்துக்கு வெட்டாமல் அப்படியே கிடக்கிறது. அதில் ஒரு மயில். நாலங்குலத்தில் வெட்டினால் தலை ஒரு பக்கமும் தோகை ஒரு பக்கமும் போய்விடுமாம். இதனால் ஒரு மூட்டும் 27 குத்தும் குறைகின்றன. 57,186 என்று வருமிடத்தை 57,159 என்றும், 47 மணி 39 நிமிஷத்தில் 81 விநாடியைக் கழித்தும் வாசிக்கவும்.