வெள்ளையெல்லாம் அக்கரமா?

குழந்தை வாயைத் திறப்பது பாலுக்காக. எங்கள் வீட்டில் அது திறந்தால் போதும், நாலு கைபேசி வெளிச்சம் உள்ளே போகும். பார்க்கிற எல்லாருக்கும் ஏதோ ஒரு வெள்ளை தெரியும். அதற்கு ஆளுக்கொரு வைத்தியமும் தெரியும்.

பேறுகாலம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்த அத்தை, "அக்கரம் கண்டிருக்கு மாப்ளே, தேன் தடவுனா போயிரும்" என்றார். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஹீட்டி, ஹீட்டி" என்றார். "அதத்தானே நானும் சொல்றேன், சூடு!" என்றார் அத்தை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. ஆனாலும் என் மனைவி தின்ற மாம்பழம்தான் குற்றவாளி என்று இருவரும் ஒரே குரலில் தீர்ப்பெழுதினார்கள். தேக்கா சந்தைக் கீரைக்காரர் குழந்தையைப் பார்க்காமலேயே வசம்பைச் சிபாரிசு செய்தார்.

தேனை மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. அதில் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம்; பிஞ்சுக் குடலில் அது முளைத்தால் நஞ்சு சுரந்து தசைகள் தளர்ந்துபோகும்.

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் டாக்சி நேராகப் புளோக்கின் அடியில் வந்து நிற்கும். குழந்தையின் வாயிலும் அப்படித்தான்; வெள்ளை எந்த முகவரியில் குடியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நாக்கில் மட்டும் இருந்து, ஈரத்துணியால் மெல்லத் துடைத்ததும் போய்விட்டால் அது வெறும் பால். கன்னத்தின் உட்புறம், உதட்டின் உள்பக்கம் என்று பரவி, துடைத்தாலும் விடாமல் ஒட்டிக்கொண்டால் அதுதான் அக்கரம். கேண்டிடா என்ற பூஞ்சையின் வேலை அது. சுரண்டினால் அடியில் சிவந்து ரத்தம் கசியும். ஆகவே அத்தையின் சுண்டுவிரலுக்கு அங்கே அனுமதி இல்லை. டாக்டர் பூஞ்சைக்கான சொட்டு மருந்து தருவார். தாய்க்கு மார்புக்காம்பில் எரிச்சல் இருந்தால் அவரும் சேர்ந்தே மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கும்.

மேலண்ணத்தின் நடுக்கோட்டில் கடுகளவு வெண்மணிகள் இருந்தால் அவை எப்ஸ்டீன் முத்துகள். பிராக் நகரத்துக் குழந்தை மருத்துவர் அலாய்ஸ் எப்ஸ்டீன் 1880இல் எழுதிவைத்தவை. பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இவை இருக்கும். சில வாரத்தில் தாமாகவே மறையும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி பக்கத்திலிருக்கும் கேகே மருத்துவமனை, 1966இல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவம் பார்த்துக் கின்னஸில் ஏறியது. அந்த ஆண்டு எத்தனை ஆயிரம் முத்துகள், அவற்றைப் பார்த்து அலறிய அத்தைகள் எத்தனை ஆயிரம் பேர்!

உண்மையில் பதற வேண்டியது வெள்ளைக்கல்ல. காய்ச்சலோடு வாயில் சிவந்த புண்ணும், உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளமும் வந்தால் அது கை, கால், வாய்ப் புண் நோயாக இருக்கலாம். 2000இல் அது பரவியபோது தீவு முழுக்கப் பாலர் பள்ளிகளை மூடினார்கள். அப்போது வசம்பு தேடாமல் டாக்டரிடம் ஓட வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தால் இன்னும் வேகமாக.

இவ்வளவையும் நான் விளக்கி முடித்த மறுநாள், மேல் ஈறில் அத்தை ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தார். "மேல்பல்லு! மாமனுக்கு ஆகாதே!" அங் மோ கியோவில் இருக்கும் மைத்துனனுக்குச் செய்தி பறந்தது. அவன் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லி, குழந்தையைப் பார்க்க அல்ல, ஈறைப் பார்க்க வந்தான். டாக்டர் ஒரு நொடிதான் பார்த்தார். "பல் இல்லை. போன் முடிச்சு. 1866லேயே போன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவிட்டார். தானாகப் போய்விடும்" என்றார்.

மைத்துனன் நாற்காலியை விட்டு எழவில்லை. "சரி டாக்டர், அந்த முடிச்சு மாமனுக்கு ஆகுமா?"