குட்டியானையின் கருணை

வெளிநாட்டுக்காரர்கள் பாவம். காட்டோரம் ஒரு ராத்திரி தங்குவதற்குக் காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி, கூடாரம், அடுப்பு என்று இழுத்துப் போகிறார்கள். டிரெய்லரில் ஒரு ஆள்கூட இல்லை. எவ்வளவு இடம் வீண்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள், சரக்கு என்ற பாகுபாடே கிடையாது. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தது. நாம் குட்டியானை என்று பேர் வைத்தோம். முக்கால் டன் ஏற்றலாம் என்றது கம்பெனி. கம்பெனிக்குப் பெரியப்பா குடும்பத்தைத் தெரியாது. மலையடிவாரத்துக் குலசாமியைக் கும்பிடக் கிளம்பினால் விறகு, ஜமுக்காளம், அண்டா, அண்டாவுக்குள் ரெண்டு பொடிசுகள், அதன் விளிம்பைப் பிடித்தபடி சித்தி. “மதினி, காலை மடக்குங்க, ஆடு நிக்கணும்.” போலீஸைக் கண்டதும் மொத்தக் குடும்பமும் தார்ப்பாய்க்கடியில் சரக்காகிவிடும். என்ன ஒரு சட்டப் பணிவு!

சாயங்காலம் திரும்பும்போது ஆட்டின் இடம் காலி. வண்டியின் எடை மட்டும் ஒரு கிலோகூடக் குறையவில்லை.