வாய்வுக்குக் குத்தகை

வாங்க மருமகன், இருங்க. புத்தளத்தில விடியமுன்னம் பஸ் ஏறி, மதவாச்சி சுத்தி, மூஞ்சியில புழுதியோட வந்து நிக்கிறீங்க. பிளேன்ரி ஆறுது, அதைக் கூடத் தொடேல்லை. "மாமா, எங்கட வளவுக்குக் கீழ கேஸ் இருக்காம், ஏக்கருக்கு என்ன குத்தகை கேக்கலாம்?" எண்டதுதான் முதல் கேள்வி. எனக்குச் சந்தோசம். 35 வருசமா வேலி அடைக்க வராத பிள்ளை கேஸ் மணத்துக்கு வந்திருக்கு. அதுக்கும் மணமில்லையாம் மருமகன். அடுப்பில நாத்தம் வாறது, கசிஞ்சாத் தெரியட்டும் எண்டு பிறகு கலக்கிற மருந்தால. மணமே இல்லாத சாமானைப் புத்தளத்தில இருந்து மோப்பம் பிடிச்சிருக்கீங்க. என்ட ராத்தாட மூக்கு அப்படியே உங்களுக்கு இருக்கு.

கேக்கிறதுதான் கேக்கிறீங்க, கொஞ்சமாக் கேக்காதீங்க. ஏக்கருக்கு ஒரு கோடி கேளுங்க, வளவில நிக்கிற கழுதைகளுக்குத் தனியாக் கேளுங்க. ஒரு சின்னச் சிக்கல்தான் இருக்கு. விக்கப் போற சாமான் உங்கட இல்லை.

2003ஆம் ஆண்டு 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளச் சட்டம் எண்டு ஒண்டு வந்தது. பிறகு அதுக்குப் பதிலா 2021இல 21ஆம் இலக்கச் சட்டம். ரெண்டும் ஒரே கதைதான்: நிலத்துக்குக் கீழயோ கடலுக்குக் கீழயோ, எண்ணெயோ கேஸோ, எல்லாம் குடியரசுக்குச் சொந்தம். பனை உங்கட. பனங்கிழங்கும் உங்கட. கிழங்குக்குக் கீழ கொழும்பு. இந்த வளவுக்குள்ள நீங்க உரிமை கொண்டாடக்கூடிய வாயு எண்டா, நேத்து மாமி அவிச்ச மரவள்ளிக் கிழங்கால வந்ததுதான்.

ஆசைப்படுற முதல் ஆள் நீங்க இல்லை. 1974இல எனக்கு மீசை அரும்புற வயசு. பேசாலையில ரஷ்யாக்காரன் எண்ணெய்க் கிணறு தோண்டுறான் எண்டு ஊரே சைக்கிள்ல போனது. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்காகச் சோவியத் ஆக்கள் வந்து தோண்டினது. நாங்க பாத்த கிணறு பத்து முழம், பன்ரெண்டு முழம். கயித்தை விட்டா வாளி தண்ணியில முட்டுற சத்தம் கேக்கும். அவங்கட கிணத்துக்குள்ள குழாய் போய்க்கொண்டே இருந்தது, ஒரு சத்தமும் கேக்கேல்லை. வாப்பா பாத்துட்டு, "இவங்க அமெரிக்காப் பக்கத்தால வெளிய வரப் போறாங்க"ண்டார். அந்த நேரம் எங்கட ஊரில ஒராள், மவுத்தாப் போயிட்டார், பேர் வேண்டாம், பனங்காணியை வித்து மகளைக் கட்டிக் குடுக்க இருந்தவர். எண்ணெய் வந்தாப் பத்து மடங்கு வரும் எண்டு காணியை இறுக்கிப் பிடிச்சார். மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு நோன்பு வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு எருக்கலம்பிட்டியில பொண்ணெடுத்துப் போட்டாங்க. பேசாலையில மூண்டு கிணறு தோண்டினாங்க, மூண்டும் வறண்ட கிணறு. ரஷ்யாக்காரன் குழாயைக் கழட்டிக்கொண்டு போயிட்டான். அந்தக் காணியில இண்டைக்கும் பனைதான் நிக்குது. மாப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளைகள் ஏழு.

இல்லவே இல்லை எண்டு சொன்னா நான் பொய்யன். கேஸ் இருக்கு. 2011இல கெயார்ன் கம்பனி ஜப்பான்ட சிக்கியு எண்ட கப்பலைக் கொண்டந்து மன்னார்க் குடாவில தோண்டினது. ரெண்டு கிணத்தில கேஸ் கண்டாங்க. ஒண்டுக்கு டொராடோ எண்டு பேர், மற்றதுக்கு பரகூடா. ரெண்டும் மீன் பேர் மருமகன்! பரகூடா எண்டா எங்கட சீலா. சீலாவில நாங்க குழம்பு வைக்கிறம், அவங்க கிணறு வச்சாங்க. அந்த இடத்தில கடல்ட ஆழம் மட்டும் 1,300 மீற்றருக்கு மேல. அதுக்குக் கீழ இன்னும் ஒண்டரைக் கிலோமீற்றருக்கு மேல பாறையைத் துளைச்சுத்தான் கேஸைத் தொட்டாங்க. உங்கட வாப்பா எவ்வளவு பெரிய ஆளாயிருந்தாலும் அங்கால போய் வேலி போட்டிருக்க மாட்டார். 2015இல கம்பனியும் கையைக் கழுவிட்டுப் போயிட்டுது. சீலாவைச் சட்டியில வச்சிட்டுத் தின்னாமப் போன ஆக்களை நான் அப்பதான் கண்டன்.

கட்டார்ல இருக்கிற என்ட மற்ற மருமகன் போன் எடுக்கக்குள்ள கேட்டன், உங்க எப்பிடி எண்டு. அங்கயும் கடலுக்குக் கீழதானாம், அதுவும் அரசாங்கத்தின்டதானாம். 1971இல கண்டுபிடிச்ச வயல், கப்பல்ல ஏத்தி வெளிய அனுப்பக் கால் நூற்றாண்டு எடுத்திருக்கு. அவங்களிட்டப் பணம் இருந்தும் அப்பிடி. எங்கட ஆக்கள் 2022இல சிலிண்டருக்கு லைன்ல நிண்டு அதிலயே தலை நரைச்சவங்க.

"அமெரிக்காவில காணிக்காரனுக்குக் குடுக்கிறாங்களே" எண்டு வாயைத் திறக்கிறீங்க, தெரியுது. போன்ல பாத்திருப்பீங்க. அங்க பொதுவா மேல் காணிக்காரன்தான் கீழுக்கும் சொந்தக்காரன். அவன் கம்பனிக்குக் குத்தகை எழுதலாம், கையில முன்பணம் வாங்கலாம், பிறகு வாற கேஸில பங்கும் வாங்கலாம். பென்சில்வேனியாவில எட்டில ஒண்டுக்குக் குறையக் குடுக்கக் கூடாது எண்டு 1979இலயே சட்டம். கேக்க இனிக்குது என்ன? குழாயில கொண்டுபோன செலவு, சுத்தம் பண்ணின செலவு எண்டு அந்த எட்டில ஒண்டில இருந்தும் கழிச்சு, காசோலை வரக்குள்ள தபால் செலவுக்குத்தான் மிச்சம் எண்டு வழக்குக்குப் போன காணிக்காரர் அங்க கனபேர். எங்கட மீன் முதலாளிமார் ஐஸுக்கும் பெட்டிக்கும் லொறிக்கும் கழிக்கிற மாதிரித்தான். முதலாளிமாருக்கு எந்த ஊரிலயும் ஒரே கணக்குப் புத்தகம்.

அக்கரையில பாருங்க, புதுக்கோட்டைப் பக்கம் நெடுவாசல். 2017இல கேஸ் எடுக்கிற திட்டத்துக்கு எதிராச் சனம் மாசக் கணக்கா இருந்து போராடினது. அந்தச் சனத்துக்கும் கீழ இருக்கிற வாயுவில ஒரு துளி உரிமை இல்லை, இந்தியாவிலயும் அது அரசாங்கத்தின்ட. அவங்க கையில இருந்தது வயல் மட்டும்தான். அந்த வயல்ல கால் வைக்க விடமாட்டம் எண்டு குந்திக்கொண்டாங்க. 2020இல காவேரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் எண்டு சட்டசபையில சட்டமே வந்தது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, உங்களிட்டயும் ஆக்கள் வருவாங்க. கேஸுக்கு இல்லை. மண்ணுக்கு.

எங்கட மன்னார்த் தீவுட மண்ணுக்குள்ள இல்மனைட் இருக்கு. கறுப்பு மணல். வெள்ளைப் பெயின்ற்றுக்குப் போடுற பொடி அதில இருந்துதான் எடுக்கிறாங்க, அல்லாட வேலை. புல்மோட்டையில அரசாங்கம் கனகாலமா அள்ளுது. இங்க வெளிநாட்டுக் கம்பனிக்கு ஒரு கண். இல்மனைட்டும் 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டப்படி குடியரசுக்குத்தான் சொந்தம், ஆனா உங்கட வளவுக்குள்ள இறங்க உங்கட சம்மதத்தைத் தேடி வருவாங்க. போன வருசம் என்னட்டையும் ஒராள் வந்தான். நல்ல பிள்ளை. "சின்னத் துளைதான் மாமா, பிறகு மூடிடுவம்" எண்டான். "மகன், நுளம்பு போடுறதும் சின்னத் துளைதான்" எண்டன். சிரிச்சான், பிளேன்ரி குடிச்சான், போயிட்டான். அவன் குடிச்சான், நீங்கதான் இன்னும் குடிக்கேல்லை.

உங்களுக்குக் கிணத்துத் தண்ணிட கதை தெரியாது, குழாய்த் தண்ணியில வளந்த பிள்ளை. இந்தத் தீவில நல்ல தண்ணி எண்டது உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற பாலாடை. மழை மண்ணுக்குள்ள இறங்கி அப்பிடியே தங்கி நிக்குது. மண்ணை அள்ளினா ஆடை கிழியும், கீழ இருந்து உப்பு ஏறும். தரை பதிஞ்சா மாரிக்கு வெள்ளம் போக வழி தெரியாம உங்கட படுக்கையறையில வந்து இருக்கும். 2025 ஆவணியில மன்னார் டவுணில சனம் மண் அள்ளுறதுக்கும் கரண்டுக் காத்தாடிக்கும் எதிரா றோட்டில இருந்தது இதுக்குத்தான். தென்கரையில 2020இலயே 30 காத்தாடி நட்டாச்சு. காத்தைக் கேட்டாங்க, மண்ணைக் கேட்டாங்க, இப்ப நீங்களே வந்து வாயுவையும் எடுத்துக்கொண்டு போங்க எண்டு நிக்கிறீங்க.

சரி, ஆரும் வந்து காசை நீட்டுறான் எண்டு வைப்பம். எதில ஒப்பம் வைப்பீங்க? உறுதி எங்க? தொண்ணூறு ஐப்பசியில எங்கட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு வெளியேத்தக்குள்ள, நாங்க உடுத்த உடுப்போட போட்டில ஏறிக் கற்பிட்டியில இறங்கினம். ராத்தா உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தா, உறுதியை இரும்புப் பெட்டியில விட்டுட்டு வந்தா. சரியான முடிவோ எண்டு எனக்கு இண்டைக்குத்தான் சந்தேகம் வருது. காணிக் கந்தோருக்குப் போய்ப் பிரதி எடுத்தீங்களா? அந்த வளவு உங்கட வாப்பாவும் அவர்ட நாலு சகோதரமும் பிரிக்காம விட்ட பங்கு. இப்ப எண்ணினா பதினேழு பேர்ட ஒப்பம் வேணும், அதில மூண்டு பேர் ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்லை. பின்பக்கத் துண்டு பேமிட் காணி. பிரதேச செயலாளரைக் கேக்காம அதைக் குத்தகைக்குக் குடுக்க ஏலாது. சண்டையால ஊருக்கு வர ஏலாம இருந்த காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில சேர்க்கக் கூடாது எண்டு 2016இல ஒரு சட்டம் கொண்டந்து, வழக்குப் போட ரெண்டு வருசம் தந்தாங்க. அந்த ரெண்டு வருசமும் நீங்க தேங்காய் யாவாரத்தில இருந்தீங்க.

அதால இப்ப செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த ரீயைக் குடிங்க. நாளைக்கு எட்டரைக்கு என்னோட காணிக் கந்தோருக்கு வாங்க, அடையாள அட்டையும் வாப்பாட மவுத்துச் சேட்டிபிக்கட்டும் கொண்டாங்க. வழியில வளவை எட்டிப் பாருங்க. வேலி விழுந்ததில இருந்து ஆறு கழுதை அங்க குடியிருக்கு, ஆட்சியுரிமைக்கு வேண்டிய பத்து வருசம் தாண்டிட்டுது. அதுகள் வழக்குப் போட்டா நான் அதுகள்ட பக்கம்தான் சாட்சி சொல்லுவன்.