நெய்தல் நிலத்தில் ஆர்க்கிட் மறுபூப்பு: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

புதுமனை புகுவிழாவுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து வீடுகளுக்கு இப்போது ஆர்க்கிட் தொட்டி வந்து சேர்கிறது. வரும்போது பூவோடுதான் வருகிறது. இரண்டு மூன்று மாதம் வாடாமல் நின்று, வருகிறவர்களையெல்லாம் “பிளாஸ்டிக்கா?” என்று கிள்ளிப் பார்க்க வைக்கிறது. பிறகு உதிர்கிறது. உதிர்ந்த பின் பூப்பதில்லை. இந்தப் பூவாமையே ஈண்டு ஆய்வுப்பொருள். ஆய்வுக்களம் செங்கல்பட்டு மாவட்டத்து நெம்மேலி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய்.

முதல், கரு, உரி என்னும் மூன்றையும் வைத்து அளப்பது நம் மரபு. அப்படி அளந்தால் கோளாறு எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். நிலம் நெய்தல். தொட்டியில் இருப்பதோ பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ் என்னும் சாதி. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் அது இலையாக விட்டுக்கொண்டே போகும். சில வாரமாவது 26க்குக் கீழே இறங்கினால்தான் பூந்தண்டை நீட்டும். தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த பொழுதுகள் எவை? கூதிர், முன்பனி, யாமம். அதாவது ஐப்பசி முதல் தை வரை, அதிலும் நள்ளிரவு. டச்சுப் பூவளர்ப்பாளர்கள் கண்ணாடிக் குடிலுக்குள் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து உண்டாக்கும் பருவத்தை இவர் ஓலையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே செடி குறிஞ்சி ஒழுக்கத்தது. அதை வளர்ப்பவருடைய ஒழுக்கம் முதலாண்டில் முல்லைக்குரிய இருத்தல், இரண்டாம் ஆண்டில் நெய்தலுக்குரிய இரங்கல்.

நீர் பற்றிய வழக்கு தனியே விரிவது. ஆர்க்கிடின் வேர் மண்ணுக்கு உரியதன்று. அதன்மேல் பஞ்சுபோன்ற ஓர் உறை உண்டு. காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியானால் ஊற்று, பச்சையானால் சும்மா இரு என்பதுதான் முழுச் சூத்திரமும். ஆனால் சும்மா இருப்பது தமிழ்நாட்டில் ஞானிகளுக்கே கைகூடியிருக்கிறது. மற்றவர்கள் தினமும் ஊற்றுகிறார்கள், வேர் அழுகுகிறது. இவர்களுக்கு மாறாக ஐஸ்கட்டிக் கட்சி ஒன்று அமெரிக்காவில் உண்டு. வாரத்துக்கு மூன்று கட்டி வைத்தால் போதும் என்பது அவர்கள் கோட்பாடு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தாரும் சோதித்துப் பார்த்துச் செடிக்குக் கெடுதல் இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். நெம்மேலிக் குப்பத்தில் ஐஸ் வஞ்சிரத்துக்கு உரியது. அதைப் பூந்தொட்டியில் வைப்பது பண்பாட்டுக் குற்றம்.

எவ்வளவு ஊற்றுவது என்பதைவிட எதை ஊற்றுவது என்பதே இவ்வூரில் பெரிய கேள்வி. கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. உப்பு ஆர்க்கிட் வேரைக் கருக்கும். நெம்மேலியிலோ 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை ஓடுகிறது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்தது. உப்பு நீக்கிய அந்நீர், ஆர்க்கிட் கனவு காணும் நீர், குழாய் ஏறி வடக்கே சென்னைக்குப் போகிறது. வீட்டுக்குள்ளே அதே வேலையைச் சின்னதாகச் செய்யும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீரை மனிதர் குடித்துவிட்டு, அது கழித்துத் தள்ளும் நீரை “வீணாக்கக்கூடாது” என்று சேர்த்துவைத்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்த நீரில்தான். தரை கழுவ ஆகும், ஆர்க்கிடுக்கு ஆகாது. மழைநீர் பிடித்துவைப்பது உத்தமம். ஏசி குழாயில் சொட்டுவதும் உப்பில்லாத நீரே.

ஏசி என்றதும் ஒரு பெரிய ஐயம் எழுகிறது. திணை மயங்கலாம், நிலம் மயங்கக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. நெய்தல் நிலத்துப் படுக்கையறையில் குளிரூட்டி வைப்பது எதை மயக்குகிறது? நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெயர்வது பொழுது மட்டுமே. சித்திரை யாமம் மார்கழி யாமமாகிறது. எனவே குற்றமில்லை என்க. இதற்கு அரசாணையும் துணை நிற்கிறது. 2020 சனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெற்ற வீட்டு ஏசிகள், போட்டவுடன் 24 டிகிரியில் ஓட வேண்டும் என்பது விதி. மின்சாரத்தை மிச்சப்படுத்த எண்ணிய அதிகாரிகள் பூந்தண்டுக்கு உகந்த வெப்பத்தைச் சட்டமாக்கினார்கள்.

இத்தனை அழகான கோட்பாட்டைக் கெடுக்கவும் ஓர் ஆய்வு இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து பிளான்சார்டும் ரங்கிளும் 2006இல் வெளியிட்டது. பகல் 29, இரவு 17 என்று வைத்துப் பார்த்தார்கள். இருபது வாரமாகியும் ஒரு செடியும் தண்டு விடவில்லை. பூப்பைத் தீர்மானிப்பது இரவன்று, பகல். யாமக் கொள்கை இத்தோடு கவிழ்ந்தது. இனிப் பகலிலும் ஏசி போட வேண்டும், ஆளில்லாத அறையில், ஒரு செடிக்காக. இந்தக் கட்டத்தில் ஆராய்ச்சி மின்கட்டண அட்டையோடு மோதி நிற்கிறது. எந்த வீட்டிலும் இதற்குமேல் அது நகர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே செடியை மாற்றுவதே சரி. டென்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் இந்த வெக்கையைத் தாங்கும், ஆண்டில் பலமுறை பூக்கும். அதற்கு எதிரி வெயிலன்று, கத்தரிக்கோல். இலை உதிர்ந்த பழைய தண்டைப் பார்த்துவிட்டு, “செத்துப்போச்சுக்கா, வெட்டிடுங்க” என்று சொல்ல அடுத்த வீட்டில் எப்போதும் ஒருவர் உண்டு. வெட்டக்கூடாது. அந்த மொட்டைத் தண்டில்தான் சேமிப்பு இருக்கிறது. அதிலேயே மீண்டும் பூப்பதும் உண்டு.

இந்நிலத்தில் இதைவிடவும் உரிமையுள்ளது வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் வெளிவரத் தொடங்கிய ‘கோரமண்டல் கரைத் தாவரங்கள்’ நூலில் இதைப் படத்தோடு விவரித்தார். கோரமண்டல் கரை என்பது நாம் நிற்கும் இதே கரைதான். ஆர்க்கிட் மலைக்கே உரியது என்று மேலே வகுத்த திணை இங்கே பொய்யாகிறது. கடற்கரைச் சமவெளியின் மரங்களில் கட்டம்போட்ட இதழோடு மணக்க மணக்கப் பூத்துக்கொண்டிருந்த செடி இது. காட்டிலிருந்து பிடுங்காமல் நர்சரியில் வாங்குக. தொட்டியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். தேங்காய் மட்டையில் கயிற்றால் கட்டி, காலை வெயிலும் கடற்காற்றும் படும்படி தொங்கவிட்டு, வேர் பச்சையாகும்வரை தெளித்தால் ஆயிற்று.

வீட்டில் அப்படிப்பட்ட இடம் கிழக்குப் பால்கனி ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே துணிக்கொடி கட்டியிருக்கிறது. வேட்டிக்கு வேண்டியதும் அதே வெயில், அதே காற்று. வேட்டியில் சொட்டும் சோப்புத்தண்ணீர் வாண்டாவுக்கு உரமா, நஞ்சா என்பதை ஆராயக் கொடியைச் சில நாள் அவிழ்க்க வேண்டும். அதற்கான அனுமதிக்கு வீட்டில் விண்ணப்பம் போட்டிருக்கிறது.